கராத்தே கிளாஸ் களவியல்: ஒரு முன்னோடி ஆய்வு

அகத்துக்கு ஏழு திணை, புறத்துக்கு ஏழு திணை என்று வகுத்து, ஒவ்வொரு காதல் திணைக்கும் ஒரு போர்த் திணையைச் சோடி சேர்த்து வைத்தவர் தொல்காப்பியர். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்துக்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை, பாலைக்கு வாகை. மிச்சம் நின்ற பெருந்திணைக்குக் காஞ்சி, கைக்கிளைக்குப் பாடாண். ஏன் இந்தச் சோடி என்று உரையாசிரியர்கள் நிலத்தையும் பொழுதையும் காட்டிப் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார்கள். காதலும் சண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே யூனிஃபார்மில் நடப்பதைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது. கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூடும் கராத்தே கிளாஸ்தான் அந்த இடம்.

கூடப் படிக்கிறவரைக் காதலிப்பது புதிதல்ல. கல்லூரியில் நடக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு தலைமுறையே அதை நடத்தி முடித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டது. ஆனால் அங்கெல்லாம் காதலிக்கிறவரை அடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கராத்தே கிளாஸில் உண்டு. மாதம் பிறந்தால் ஃபீஸ் கட்டி அடிக்க வேண்டும். ஒழுங்காக அடிக்காவிட்டால் மாஸ்டர் புஷ்-அப் எடுக்கச் சொல்வார். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றவை யாவும் பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் கோட்பாடு.

ஆய்வு என்றால் எல்லை வேண்டும். இங்கே பேசப்படுவது வேலைக்குப் போகிறவர்கள் வரும் பெரியவர்கள் பேட்ச் மட்டுமே. சாயங்காலப் பிள்ளைகள் பேட்ச்சில் நடப்பது வாட்டர் பாட்டில் தகராறு. அது வேறு துறை.

மாஸ்டர், மாணவி காதலும் இதில் சேராது. புரூஸ் லீ, தன்னிடம் சியாட்டிலில் குங்ஃபூ படிக்க வந்த லிண்டா எமரியை 1964-ல் மணந்தார். வடகரையில் முதிய வயதிலும் வாள் சுழற்றி 2017-ல் பத்மஸ்ரீ பெற்ற மீனாட்சி அம்மா, தனக்குக் களரி சொல்லிக் கொடுத்த ராகவன் குருக்களை மணந்தவர். இவை சிறப்பு விதிகள். பொது விதி ஆகா. பெல்ட் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் காதலித்தால் அந்த பெல்ட்டை ஊர் நம்பாது. அதைவிட முக்கியம், வேண்டாம் என்று சொல்ல நினைக்கிற மாணவிக்கு அதைச் சொல்ல இடமே இருக்காது. இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் விட்டுவிடுகிறோம்.

அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. அந்த மரபுக்குக் கட்டுப்பட்டு நம் தலைவனை ஆரஞ்சு பெல்ட் என்றும் தலைவியைப் பச்சை பெல்ட் என்றும் அழைப்போம். ஆம், தலைவி ஒரு பெல்ட் மேலே. அது பின்னால் பிரச்சினையாகும்.

முன்னோர் சான்றுகளைத் தேடினால், நமக்கு அருகில் கிடைப்பது கேரளத்து வடக்கன் பாட்டுகள். புத்தூரம் வீட்டு உண்ணியார்ச்சையும் உறவுக்காரன் சந்துவும் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே களரியில் பழகியவர்கள். சந்து ஆசைப்பட்டான், உண்ணியார்ச்சையோ குஞ்ஞிராமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிறகு அவள் உடன்பிறந்த ஆரோமல், அரிங்ஙோடரோடு அங்கம் என்ற இருவர் போருக்குப் போனபோது துணைக்குப் போனவன் இதே சந்து. ஆரோமலின் சுரிகையில் இரும்பு ஆணிக்குப் பதில் மர ஆணி அடிக்கப்பட்டது, வாள் முறிந்தது. முறிந்த வாளாலேயே ஆரோமல் வென்றுவிட, களைத்துக் கிடந்தவனைக் குத்துவிளக்குத் தண்டால் சந்து குத்தினான் என்கிறது பாட்டு. 1989-ல் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி மம்மூட்டி நடித்த ‘ஒரு வடக்கன் வீரகாதா’ சந்துவுக்காக வக்காலத்து வாங்கியது. சினிமா பக்கமோ பாட்டுப் பக்கமோ நிற்பது அவரவர் விருப்பம். இவ்வாய்வுக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: கிளாஸில் மறுக்கப்பட்டவரிடம் ஆயுத அலமாரிச் சாவியைக் கொடுத்து வைக்கக் கூடாது.

சீனத்து விங் சுன் கலையின் தோற்றக் கதை இதற்கு நேர் எதிர். யிம் விங் சுன் என்ற பெண்ணைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ள ஊர்ச் சண்டியன் ஒருவன் வந்தான். அவள் நங் முய் என்ற பிக்குணியிடம் கலை பயின்று அவனை மோதி வீழ்த்தினாள். பிறகு தனக்கு நிச்சயித்திருந்த லியூங் போக் சாவை மணந்து, அவனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் அந்தக் கலைக்கு மனைவி பெயரையே வைத்தான். கதைதான், வரலாறு அல்ல. ஆனால் மனைவியிடம் அடி வாங்கியவன் அதை மறைக்காமல் அவள் பெயரை உலகத்துக்குச் சொன்ன கதை வேறெங்கும் நம் கண்ணில் படவில்லை.

ஜப்பானியர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். 1882-ல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ காலத்திலேயே, 1926-ல், பெண்களுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. கூடப் பயில ஆணே இல்லையென்றால் களவுக் காதல் ஏது? அங்கே 1935-ல் சேர்ந்த ஃபுகுடா கெய்கோ, கானோவிடம் நேரடியாகப் பயின்றவர்களில் கடைசி வரை இருந்தவர். கல்யாணம் செய்தால் ஜூடோவை விட வேண்டியிருக்கும் என்ற காலம் அது. அவர் ஜூடோவை வைத்துக்கொண்டார். 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாவது டான் என்ற தகுதிப் படியைக் கொடுத்தபோது வயது 98. இவர் வாழ்க்கையை நம் திணைகளில் எதில் வைப்பது என்று யோசித்துப் பார்த்தோம். வாகையைத் தவிர வேறொன்றும் பொருந்தவில்லை; அதற்குரிய பாலை எவ்வளவு நீளமானது என்று கேட்க நமக்குத் தகுதியும் இல்லை.

இனி நம் மொட்டை மாடி.

காதல் தொடங்கிவிட்டதை எப்படி அறிவது என்பதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் குறிகள் தந்திருக்கிறார். நெற்றி வியர்க்கும். கூந்தல் அவிழும். ஒரு காதணி கழன்று வரும். உடையைத் திரும்பத் திரும்பச் சரி செய்து உடுத்தத் தோன்றும். அருமையான பட்டியல், கராத்தே கிளாஸில் இதற்கு ஐந்து பைசா மதிப்பில்லை. வார்ம் அப் முடிவதற்குள் எல்லோர் நெற்றியும் வியர்த்துவிடுகிறது, அறுபது வயது ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் உட்பட. கிளிப் நழுவி கூந்தல் அவிழ்வது ஒவ்வொரு உதைக்கும் நடக்கிறது. காதணியை மாஸ்டரே கழற்றச் சொல்கிறார். உடையைச் சரி செய்வதோ கேட்கவே வேண்டாம்: புது பெல்ட் விறைப்பாக இருக்கும், முடிச்சு நிற்காது, கட்டா என்னும் தனி அசைவு வரிசையில் நாலு அடி வைப்பதற்குள் அவிழ்ந்து விழும். ஆக, தொல்காப்பியர் கணக்குப்படி பேட்ச் மொத்தமும் பேட்ச் மொத்தத்தையும் காதலிக்கிறது.

ஆகவே புதுக் குறிகளைத் தேட வேண்டியதாயிற்று. களப்பணியில் கிடைத்தவற்றுள் நம்பகமானது சொட்டு நீலம். பழுத்த வெள்ளையில், கழுத்துப் பட்டையில் வியர்வைக் கறையோடு மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஒருவருடைய கராத்தே டிரெஸ், திடீரென்று ஒரு ஞாயிறு கண்ணைப் பறிக்கும் வெண்மையில், கைமடிப்பில் இஸ்திரிக் கோட்டோடு வருமானால், அந்த வீட்டில் யாரோ அம்மாவிடம் “நாளைக்குக் கொஞ்சம் நீலம் போட்டு அலசும்மா” என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா அங்கேயே பாதி புரிந்துகொண்டிருப்பார். தாயரில் செவிலிக்கே முதலில் தெரியும் என்பது பழைய விதி.

அடுத்த குறி அண்ணா. நம் ஊர் கிளாஸ்களில் தனக்கு சீனியராக இருக்கிற ஆண் யாராக இருந்தாலும் அண்ணா, பெண் யாராக இருந்தாலும் அக்கா. ஜப்பானியர் சென்பாய் என்று முறை வைத்துக் கூப்பிட்டதை நம்மவர்கள் குடும்பமாக்கிவிட்டார்கள். இது காதலுக்கு மாஸ்டர் போடும் எந்தத் தடையையும்விடப் பெரிய தடை. வந்த முதல் நாளே “அண்ணா, இந்த ஸ்டான்ஸ் சரியா?” என்று கேட்டுவிட்டவள், பிறகு அந்த அண்ணாவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கவனித்துப் பாருங்கள்: முதலில் அது குரலில் தேய்ந்து ‘ணா’ ஆகும். பிறகு காணாமல் போகும். பெயர் வருவதற்கு முன் நடுவில் ஒரு காலம், எந்த விளியும் இல்லாத காலம், “ஒரு நிமிஷம்”, “இங்க பாருங்க” என்று ஓடும். அந்த விளியற்ற காலமே களவு.

நம் ஆரஞ்சு பெல்ட்டுக்கு இந்தத் தொல்லை வேறு வடிவில் வந்தது. தலைவி ஒரு படி சீனியர். முறைப்படி அவர் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடவே இல்லை. பேட்ச்சில் உள்ள எல்லா அக்காக்களையும் வாய் நிறைய அக்கா என்று அழைத்தவர், ஒருவரை மட்டும் விட்டால் ஊர் கணக்குப் போடாதா? போட்டது. அம்பல், அலர் என்று இரண்டு சொல்வார்கள்: சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், பலரறியப் பேசுவது அலர். மண்டப வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்கிறவர் ஒரு நாள் கேட்காமலேயே இரண்டு டம்ளர் நீட்டினார். அது அலர்.

இவையெல்லாம் சூழ்நிலைச் சாட்சியங்கள். மறுக்க முடியாத சாட்சியம் அடியில் இருக்கிறது.

இப்போன் குமிட்டே என்று ஒரு பயிற்சி. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். தாக்குகிறவர் எங்கே அடிக்கப் போகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். முகத்துக்கு என்றால் “ஜோதான்!”, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் என்றால் “சூதான்!”. தடுக்கிறவர் தடுத்துத் திருப்பி ஒரு அடி. சொல்லிவிட்டு அடிக்கிற இந்த நேர்மை காதலில் கிடையாது என்பதை இங்கே குறித்துவிட்டு மேலே போவோம். பழகியவர் போடும் குத்து, தடுக்காவிட்டால் பட்டுவிடும் என்கிற தூரத்துக்கு வர வேண்டும். பட வேண்டியதில்லை; ஆனால் வர வேண்டும். வராத குத்தைத் தடுத்துப் பழகினால் தடுப்பு பழகாது.

ஆரஞ்சு பெல்ட் “ஜோதான்!” என்று மாடி அதிரக் கத்துவார். குத்து புறப்படும். முழங்கை நீளுவதற்குள் வேகம் வடிந்து, தோள் பின்வாங்கி, அவள் மூக்குக்கு ஒரு முழம் முன்னாலேயே, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கை மாதிரி நின்றுவிடும். பச்சை பெல்ட்டின் தடுப்பு காற்றை வெட்டிக்கொண்டு மேலே போகும். ஒருமுறை, இருமுறை பொறுத்தாள்.

“ஒழுங்கா அடி. கிரேடிங்ல எனக்கு யாரும் இப்படித் தடவிட்டுப் போக மாட்டாங்க.”

“வலிக்குமேன்னு...”

“வலிக்கத்தானே காசு கட்டி வந்திருக்கேன்?”

அடுத்த முறை அவள் தாக்குகிற முறை. அவள் சொல்லிவிட்டு அடித்தாள். அவர் கேட்டுவிட்டும் தடுக்கவில்லை. சங்கத் தலைவிக்குப் பசலை. இங்கே தலைவனுக்கு முன்கையில் கன்றிப்போன நீலம், திங்கள்கிழமை ஆபீஸில் முழுக்கைச் சட்டை. “என்னாச்சுப்பா?” என்று கேட்டவர்களிடம் பைக்கிலிருந்து விழுந்தேன் என்றார். காதலிக்கிறவன் அடி வாங்கியதை மறைத்து, விழுந்ததை ஒப்புக்கொள்கிறான் என்பது உளவியலார் கவனத்துக்கு.

இங்கே கட்டுரையாளர் தன் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். மெதுவாக அடிப்பது அன்பு என்று ஆண்கள் நினைக்கிறார்கள். எதிரே நிற்கிறவளுக்கு அது அவமானம். அவள் விடியற்காலை எழுந்து வந்தது உன் மென்மையைச் சோதிக்க அல்ல, தன் தடுப்பைச் சோதிக்க. இந்தக் கிளாஸில் பொத்திப் பொத்திக் குத்திய காதலர்கள் நிலைத்ததாக நமக்குத் தெரிந்து இல்லை. மற்றவர்களுக்குப் போடுகிற அதே குத்தை இங்கேயும் போடக் கற்றவர்கள் பத்திரிகை அடித்து மாஸ்டருக்கு முதல் அழைப்பு வைத்திருக்கிறார்கள்.

மறுதலையும் உண்டு. ஊடல் காலத்தில் அடி கனக்கும். மருதத்தின் ஊடலுக்குப் புறத்தில் உழிஞை, அதாவது கோட்டை முற்றுகை, ஏன் வைக்கப்பட்டது என்பது முந்தின இரவு வாட்ஸ்அப்பில் பதில் போடாத ஒருவர் மறுநாள் குமிட்டேயில் சோடியாக அமையும்போது விளங்கும். மாஸ்டர் “சேஞ்ச்!” என்று கத்த, வரிசை ஒரு இடம் நகர, அவள் நீல பெல்ட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டு குத்துவிட்டால், இங்கே ஆரஞ்சு பெல்ட் எதிரில் நிற்கும் அப்பாவி பேங்க் மேனேஜர் ஏனென்று தெரியாமல் அடி வாங்குவார். வரிசை நகர்வதை வைத்துக் கணக்குப் போட்டு, எத்தனையாவது சேஞ்சில் தனக்கு அவள் வருவாள் என்று பார்த்து நிற்பதும் உண்டு. கணக்கு ஒன்று தவறினால் பெல்ட் அவிழ்ந்துவிடும். முறைப்படி முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரு முனையும் சமமாக வரும்வரை நிதானமாகக் கட்டினால் ஒரு சேஞ்ச் கழிந்துபோகும். உடையைத் திரும்ப உடுத்துதல் என்ற பழைய குறிக்கு நாம் மரியாதை கொடுக்கும் ஒரே இடம் இது.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் குமிட்டே விதிகளையும் புரட்டிப் பார்த்தோம். எட்டு மீட்டர் சதுரத் தரை, தலைக்கு உதை விழுந்தால் 3 புள்ளி என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. ஆய்வுக்கு வேண்டியது தவறுகளின் பட்டியல். பட்ட அடியைப் பெரிதாக்கி நடிப்பது தவறு. எதிராளியைத் தேவையின்றிப் பிடித்துக்கொள்வது தவறு. அடிக்கவும் முயலாமல் நெஞ்சோடு நெஞ்சு நிற்பது தவறு. எதிராளியிடம் பேச்சுக் கொடுப்பது தவறு. சண்டையைத் தவிர்ப்பது தவறு. கோட்டைத் தாண்டி வெளியேறினால் ஜோகாய். தன் காவலை மறந்து தானாகப் போய் அடி வாங்கினால் முபோபி. தலைப்பைக் கிழித்துவிட்டு இந்தத் தாளை ஒரு தமிழ்ப் பேராசிரியரிடம் கொடுங்கள். களவொழுக்கத்தின் துறைகள் என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். ஜோகாய்க்கு நேரே உடன்போக்கு என்றும் குறித்திருப்பார்.

கடைசியாக வருவது கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு. பாலைக்குப் புறம் வாகை. பிரிவுக்கு இணை வெற்றி. இந்தச் சோடியைப் போல் நம் ஆய்வுக்குப் பொருந்தியது வேறில்லை. தகுதியைப் படிகளாக்கி ஜூடோவில் டான் கொண்டுவந்தவர் கானோ. அதைப் பார்த்து 1924-ல் ஃபுனாகோஷி கிச்சின் கராத்தேயிலும் பிளாக் பெல்ட் கொடுத்தார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று வண்ணம் வந்தது ஐரோப்பாவில். 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக் கொடுத்த கவாய்ஷி அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். காதலுக்குப் பேர் போன ஊரிலிருந்தா இப்படி ஒரு இடையூறு கிளம்ப வேண்டும்! ஏனென்றால் கிளாஸில் நிற்கிற இடம் பெல்ட்டால் அமைகிறது. மேல் பெல்ட் வலது ஓரம், பிறகு படிப்படியாக இடது பக்கம். மண்டியிட்டு வணங்கும்போதும் அதே வரிசை.

பச்சையும் ஆரஞ்சும் அடுத்தடுத்த நிறம் என்பதால் வரிசை முறிகிற இடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். கிரேடிங்கில் அவள் கட்டா ஒரு இடம் தடுமாறாமல் வந்தது. நீல பெல்ட் ஆனாள். அவர் திரும்புகிற திசையை மாற்றிவிட்டு மறுபடி ஆரஞ்சிலேயே நின்றார். நடுவில் புதிதாக இரண்டு பச்சை பெல்ட்டுகள் வந்து புகுந்தார்கள். அவள் வெற்றிக்கு முதலில் கை தட்டியவர் அவரே. ஆனால் மறு ஞாயிறு அவர் போய் நின்ற இடத்திலிருந்து அவளைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும், தலையைத் திருப்பினால் மாஸ்டர் பார்ப்பார். அப்போதும் அவளுக்கு வருத்தம் இல்லை, கோபம்தான்: “கட்டாவை வீட்ல பண்ணிப் பார்த்தியா இல்லையா? பண்ணாம வந்து நின்னுட்டு என்னை ஏன் பாவமா பார்க்கறே?” இந்த உரையாடலுக்குப் பின்பும் காதல் நீடித்தால் அது நீடிக்கும். அடுத்த கிரேடிங்குக்கு அவர் மாடிப்படி லேண்டிங்கில் இரவு பதினொரு மணிக்குக் கட்டா போடுவதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார்.

நீடிக்காதவையும் உண்டு. கல்லூரிக் காதல் முறிந்தால் மூன்றாம் வருடம் முடிந்து கலைந்து போகலாம். கராத்தேயில் படிப்பு முடிவதே இல்லை. பிளாக் பெல்ட் வாங்கினாலும் முதல் டான், இரண்டாம் டான் என்று போய்க்கொண்டே இருக்கும். முறிந்தவர்கள் முகத்துக்கு நேரே நின்று, குனிந்து வணங்கி, “ஓஸ்” சொல்லிவிட்டுக் குத்த வேண்டும். இந்த நிலையில் அவர்களில் ஒருவர், பெரும்பாலும் அந்தப் பெண், கிளாஸையே விட்டுவிடுகிறார். பல வருடம் வியர்த்துச் சேர்த்த கலை ஒரு ஆரஞ்சு பெல்ட்டுக்காகப் பரண் மேல் போய்விடுகிறது. இந்த ஆய்வில் நமக்கு உண்மையாகவே எரிச்சல் வந்த இடம் இது.

ஆகவே மாஸ்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். காதலிக்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டாதீர்கள். மாட்டிய அன்றே தொடங்கிவிடும். சோடி போடும்போது உயரமும் எடையும் பெல்ட்டும் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். யாராவது தனியாக வந்து, தலையைக் குனிந்துகொண்டு, “மாஸ்டர், என்னைப் புதன்கிழமை பேட்ச்சுக்கு மாத்திடுங்க” என்று கேட்டால், காரணம் கேட்காதீர்கள். அட்மிஷன் ஃபீஸையும் இரண்டாம் தடவை வாங்காதீர்கள்.